சேண விரிப்புக்குள் ஒரு ஷிம்

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்குக் குதிரைகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்து சேர்கின்றன. ஒன்று, ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது கூடும் சந்தை. மற்றொன்று, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகளைக் கைமாற்றிவிடும் தரகர்கள். சேணம் வேறொரு திசையிலிருந்து வருகிறது. கான்பூரில் தைத்து, அட்டைப்பெட்டியில் கட்டி, பார்சல் அலுவலகத்தில் வந்து இறங்குகிறது. குதிரையை அளக்காமல் தைத்த சேணமும், சேணத்தை நினைக்காமல் வாங்கிய குதிரையும் முதன்முதலாகச் சந்திப்பது சேரன்மகாதேவியிலோ முன்னீர்பள்ளத்திலோ உள்ள ஒரு தென்னந்தோப்பு லாயத்தில்தான். வயிற்றுவார் எட்டிவிட்டால் சேணம் பொருந்திவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். கொஞ்சம் இடிப்பதாகத் தோன்றினால், கீழே இன்னொரு கம்பளியை மடித்துப் போடுகிறோம்.

அந்தக் கூடுதல் கம்பளியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அதை முதுகு முழுவதும் மடித்துப் போடாமல், சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவே இடைவெளி உள்ள இடத்தில் மட்டும், வேண்டிய கனத்தில், ஓரம் சீவிய சிறு துண்டாக வைப்பதற்கு ஷிம் வைப்பது என்று பெயர். இதற்கென்றே பைகள் தைத்த விரிப்புகள் கிடைக்கின்றன. முதுகெலும்புக்கு இரு புறமும் முன், நடு, பின் என மும்மூன்று பைகள் அவற்றில் இருக்கும். துண்டை எந்தப் பையிலும் செருகலாம், வேண்டாதபோது உருவிவிடலாம். சேணத்தை வந்து பார்த்துத் திருத்திக் கொடுக்கும் தொழில்காரர் எவரும் எங்கள் சுற்றுவட்டாரத்தில் இல்லாத நிலையில், குதிரை வைத்திருப்பவர் தாமே கற்றுக்கொண்டு செய்யக்கூடிய திருத்தங்களில் இதைவிடப் பயன் தருவது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் காரணம் அறியாமல் வைத்த ஷிம், வைக்காததைவிடக் கூடுதலான கெடுதலைச் செய்துவிடும்.

மாட்டின் கழுத்தில் நுகத்தடிப் புண் வந்தால் நம் ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏரை அவிழ்த்துவிட்டு, வேப்பெண்ணெய் தடவி, புண் ஆறும்வரை மாட்டைத் தொழுவத்தில் கட்டிவிடுவார்கள். குதிரையின் முதுகுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. சேணத்தின் அழுத்தம் தோலைக் கிழிப்பதற்கு வெகு முன்பே, தோலுக்கு அடியில் உள்ள தசைக்கு இரத்தம் செல்வதைத் தடுத்து அதை மெலிய வைத்துவிடுகிறது. வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அழுத்தம் நீண்ட காலம் தொடர்ந்தால், மயிர்க்காலில் நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் அழிந்து, அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கத் தொடங்கும். அது பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்புவதில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வரும் செவலைக் குதிரைகளின் தோளருகே, இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை படிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குதிரை வாங்கும்போது நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று ஒவ்வொரு சுழியையும் விரல் வைத்துப் பார்க்கும் நாம், இந்த வெள்ளையைப் பிறவி மச்சமாக எண்ணி விட்டுவிடுகிறோம். அது பழைய சேணம் எழுதிவைத்துப் போன வரலாறு. சுழியைக் காட்டிலும் அதற்குத்தான் அதிகம் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

குதிரையின் முதுகு எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஷிம் எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. குதிரைக்குப் பொதுவாக 18 சோடி விலா எலும்புகள். சேணம் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தொடங்கி, கடைசி விலா எலும்பு முதுகோடு சேரும் இடத்துக்கு முன்பாக முடிந்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள இடுப்புப் பகுதியைத் தாங்கிப் பிடிக்க விலா எலும்பு இல்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எழும்பி நிற்கும் தோள்மேடு, முள்ளெலும்புகளின் நீண்ட மேல்நுனிகளால் ஆனது. அதன் மேல் தோலைத் தவிரச் சதை என்று சொல்லும்படி ஏதும் இல்லை. பாரம் முழுவதையும் முதுகெலும்புக்கு இரு புறமும் ஓடும் நீண்ட தசைகளின் மேல் இறக்க வேண்டும். நடுவில் முதுகெலும்பின் மேல் எதுவும் படக்கூடாது. இதற்காகத்தான் சேணத்தின் அடியில் நடுப்பள்ளம் விடப்பட்டிருக்கிறது.

மனிதருக்கு இருப்பதுபோல் குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே அதன் நெஞ்சுக்கூடு வெறும் தசைகளாலும் தசைநார்களாலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. முன்னங்காலை எட்டி வைக்கும் ஒவ்வொரு முறையும் தோள்பட்டை எலும்பின் மேல்நுனி பின்னோக்கிச் சுழன்று, சேணத்தின் முன்பக்கத்துக்கு அடியில் வந்து போகிறது. நிற்கும் குதிரையின் மேல் அழகாகப் பொருந்தும் சேணம், நடக்கத் தொடங்கியதும் தோளை இடிப்பது இதனால்தான். தோளுக்குப் பின்னால், தோள்மேட்டின் இரு புறமும் முக்கோண வடிவில் ஒரு தசை இருக்கிறது. சேணம் இறுகி அழுத்தினாலும், குதிரை முதுகைத் தாழ்த்திக்கொண்டே நெடுநாள் நடந்தாலும், முதலில் வற்றிப்போவது அதுதான். பந்தயத்திலிருந்து வரும் குதிரைகள் பலவற்றில் அந்த இடத்தில் ஒரு முட்டையை வைக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும்.

பொருந்தாமை பல வகைப்படும். சேணத்தின் உள்ளே இருக்கும் சட்டம் குதிரையைவிட அகலமாக இருந்தால், முன்வளைவு கீழே இறங்கித் தோள்மேட்டை இடிக்கும். சட்டம் குறுகலாக இருந்தால் அதன் முன்நுனிகள் இரு தோள்களுக்கும் பின்னால் கவ்விக்கொள்ளும். முன்வளைவு தூக்கிக்கொண்டு நிற்கும், ஏறி அமர்ந்தவர் பின்னால் சரிவார். முன்னும் பின்னும் பட்டு நடுவில் படாமல் பாலமாக நிற்கும் சேணம் உண்டு. முதுகு நேராகவும் அடிமெத்தை வளைவாகவும் இருந்தால் நடுவில் மட்டும் பட்டு, முன்னும் பின்னும் ஆடும் சேணமும் உண்டு. இவற்றில் சற்றே அகலமான சேணம், நடுவில் சிறு இடைவெளி விட்ட சேணம், ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்த சேணம் ஆகிய மூன்றுக்கும் ஷிம் நன்றாகவே உதவும். ஆடும் சேணத்துக்கு ஓரளவே உதவும்.

குறுகலான சேணத்துக்கு அது உதவவே உதவாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும், ஏனெனில் நான் பார்த்த லாயங்களில் மிகுதியாக நடக்கும் தவறு இதுவே. முன்வளைவு தூக்கி நிற்பதைப் பார்த்தவுடன், சமமாக்குவதாக எண்ணிக்கொண்டு பின்பக்கத்துக்கு அடியில் கம்பளியைத் திணிக்கிறார்கள். இப்போது இருக்கை சமமாகத் தெரியும். அமர்ந்தவருக்கும் வசதியாக இருக்கும். ஆனால் பின்பக்கம் உயர்ந்த அளவுக்குப் பாரம் முன்னால் சாய்ந்து, ஏற்கெனவே தோளைக் கவ்விக்கொண்டிருந்த நுனிகள் இன்னும் ஆழமாக இறங்குகின்றன. சரி, முன்னால் வைத்தால் என்ன என்றால், அதுவும் ஆகாது: இடமே இல்லாத இடத்தில் இன்னும் கனம் சேர்ப்பதால் கவ்வல் கூடுமே தவிரக் குறையாது. குறுகலான சேணத்தை விற்றுவிட்டு வேறு வாங்குவது ஒன்றே வழி. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு அளவுகளுக்கு நடுவே ஐயம் வந்தால் சற்றே அகலமானதை எடுங்கள் என்பதுதான். அகலத்தை ஓரளவு நிரப்பிக்கொள்ளலாம், குறுகலை விரிக்க முடியாது.

எது எந்த வகை என்று அறிய, விரிப்பு எதுவும் இல்லாமல் சேணத்தை வெறும் முதுகின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். குதிரை நான்கு கால்களையும் சமமாக ஊன்றிச் சமதரையில் நிற்க வேண்டும். சேணத்தைத் தோள்பட்டைக்கு மேலாகச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி நகர்த்தினால், ஓரிடத்தில் தானாக அமர்ந்து நிற்கும். அதுவே அதன் இடம். பிறகு முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கள் நுழைகின்றனவா என்று பார்க்கலாம். ஆள் ஏறி அமர்ந்த பின்னும் அந்த இடைவெளி மூடிவிடக்கூடாது. உருண்டையான பென்சில் ஒன்றை இருக்கையில் குறுக்காக வைத்தால் அது உருண்டு தாழ்ந்த இடத்தில் நிற்கும். அந்த இடம் இருக்கையின் நடுவில் இருந்தால் சேணம் சமமாக இருக்கிறது. கடைசியாக, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, அடிமெத்தைக்கும் முதுகுக்கும் இடையே முன்னிருந்து பின்னாக மெதுவாகச் செலுத்த வேண்டும். கை எங்கே நெரிபடுகிறது, எங்கே காலியாக இருக்கிறது என்பது விரல்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

முதுகைத் தொட்டுப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர், ஒரு காலத்தில் பாளையங்கோட்டையில் குதிரை வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர். நான் விரல் நுனியால் முதுகுத்தசையை அழுத்திக்கொண்டே என் கையைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, “கையையே பாத்துக்கிட்டு நிக்காதிய தம்பி, காதைப் பாருங்க. வலிச்சா மொதல்ல காதுதான் சொல்லும்” என்றார். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கேட்டேன். “பழுத்த தக்காளிய அமுக்கிப் பாப்பியள்லா, அவ்வளவுதான். நசுங்கப்பிடாது.” அவர் சொன்னபடி தோளுக்குப் பின்னிருந்து இடுப்புவரை ஒவ்வொரு விரற்கடையாக நகர்ந்தால், வலி உள்ள இடத்தில் காது பின்னால் மடங்குவதும், தசை விரலுக்கு அடியில் கயிறுபோல் இறுகுவதும், சில குதிரைகள் முதுகைக் கீழே தாழ்த்தி நழுவுவதும் தெளிவாகத் தெரியும். முதுகில் வலி இருக்கும் குதிரைக்கு ஷிம் வைத்துப் பார்ப்பது அடுத்த வேலை. ஏறாமல் ஓய்வு கொடுப்பதும், கால்நடை மருத்துவரிடம் காட்டுவதுமே முதல் வேலை. வார் இழுக்கும்போது கடிக்க வரும் குதிரைக்கு வயிற்றுப்புண் இருக்கவும் கூடும். அதைச் சேணத்தின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடலாகாது.

என்னிடம் உள்ள காயடித்த ஆண்குதிரை பந்தயத்திலிருந்து வந்தது. தோள்மேடு உயரமாகவும் கத்திபோல் மெலிந்தும் இருந்தது. அதன் இரு புறமும் நான் மேலே சொன்ன பள்ளம் ஆழமாக விழுந்திருந்தது. சட்டத்தின் அகலம் அதன் எலும்பமைப்புக்குச் சரியானதே. வற்றிப்போன தசையால்தான் சேணம் அகலமாகிப் போய் முன்னால் இறங்கியது. இப்படிப்பட்ட குதிரைக்கு, இப்போதுள்ள மெலிவுக்கு ஏற்பக் குறுகலான சேணத்தை வாங்கிப் போட்டால், தசை வளர இடமே கிடைக்காமல் போய்விடும். அகலமான சேணத்தை வைத்துக்கொண்டு, பள்ளத்தை ஷிம்மால் நிரப்பி, தசை வளர வளரத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதே முறை.

நான் பயன்படுத்துவது கம்பளி ஃபெல்ட். எந்திர உதிரிபாகக் கடைகளில் தாளாக விற்கும். செயற்கை இழை கலக்காததைக் கேட்டு வாங்க வேண்டும். செருப்புக் கடைகளுக்குச் செல்லும் ஈவா என்னும் நுரைத் தாளும் ஆகும்; அது வியர்வையை உறிஞ்சாது, எளிதில் அமுங்கிப்போகாது. மெத்தைக்குப் போடும் மென்மையான பஞ்சு ஸ்பாஞ்சு மட்டும் வேண்டாம், ஏறி அமர்ந்ததும் அது ஒன்றுமில்லாமல் நசுங்கிவிடும். கனம் 3 முதல் 10 மில்லிமீட்டருக்குள் இருப்பதே வழக்கம். கனமான ஒரே துண்டைவிட மெல்லிய இரண்டு மூன்று துண்டுகளை அடுக்குவது நல்லது. அளவைக் கூட்டவும் குறைக்கவும் அப்போதுதான் கை வரும்.

முதலில் முதுகின் வடிவத்தைத் தாளில் எடுத்துக்கொண்டேன். எலக்ட்ரிக் கடையில் வாங்கிய தடித்த அலுமினியக் கம்பியைத் தோள்பட்டைக்கு இரண்டு விரல் பின்னால் முதுகின் குறுக்கே வைத்து, இரு புறமும் தோலோடு ஒட்டும்படி வளைத்து, வளைவு கலையாமல் எடுத்து அட்டையில் பென்சிலால் வரைந்தேன். சேணத்தின் நடுவுக்குக் கீழே ஒன்று, கடைசி விலா எலும்பின் அருகே ஒன்று என மொத்தம் மூன்று கோடுகள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வைத்தால், பின்னாளில் தசை கூடியதா குறைந்ததா என்பதை நினைவை நம்பாமல் அட்டையைப் பார்த்தே சொல்லலாம். பிறகு 5 மில்லிமீட்டர் ஃபெல்ட்டில் ஒரு சாண் நீளமும் நாலு விரல் அகலமுமாகத் துண்டுகள் வெட்டினேன்.

வெட்டுவதைவிட ஓரம் சீவுவதற்கே அதிக நேரம் பிடிக்கும், அந்த நேரத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நேராக வெட்டிய ஓரம், பாரம் ஏறியதும் தோலின் மேல் ஒரு வரம்பாக நின்று அழுத்தும். பள்ளத்தை நிரப்ப வைத்த துண்டே புதிய புண்ணுக்குக் காரணமாகிவிடும். தோல் சீவும் கத்தியைப் படுக்கவைத்து, கடைசி இரண்டு விரற்கடையில் கனம் படிப்படியாகக் குறைந்து ஓரம் தாள் அளவுக்கு மெலியும்வரை சீவ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலை மேசையிலிருந்து துண்டின் மேல் ஓட்டினால், துண்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. இரண்டு துண்டுகளை அடுக்கும்போது பெரியது குதிரையின் பக்கமும் சிறியது சேணத்தின் பக்கமும் இருக்க வேண்டும்; மாற்றி வைத்தால் படிக்கட்டின் விளிம்பு முதுகுக்கு நேராக வந்துவிடும். எந்தத் துண்டும் நடுப்பள்ளத்துக்குள் நீட்டக்கூடாது, தோலோடு நேரடியாகவும் படக்கூடாது. வார் இறுக்குவதற்கு முன் விரிப்பைப் பிடித்து நடுப்பள்ளத்துக்குள் நன்றாக மேலே இழுத்துவிட வேண்டும். இழுக்காமல் விட்டால் அது தோள்மேட்டின் மேல் இறுகிக் கிடந்து, நாம் இவ்வளவு பாடுபட்டுக் காத்த இடத்தையே அழுத்தும்.

முன்பைகளில் இரு புறமும் துண்டுகளை வைத்தவுடன் முன்வளைவு எழும்பியது. பென்சில் நடுவில் வந்து நின்றது. ஆனால் நிற்கும் குதிரை தரும் சான்று பாதிதான். தாமிரபரணிக் கரையில் ஈரமணல் இறுகிக் கிடக்கும் இடத்தில் குதிரையை நடத்திச் சென்று, குளம்புத் தடங்களைப் பார்த்தேன். ஷிம் இல்லாமல் சேணம் கட்டியபோது பின்னங்கால் தடம் முன்னங்கால் தடத்துக்குப் பின்னாலேயே விழுந்துகொண்டிருந்தது. துண்டுகள் வைத்த பிறகு, அதே மணலில், அதே வேகத்தில், பின்தடம் முன்தடத்தின் மேலேயே விழுந்தது. தோள் தடையின்றிச் சுழன்றதால் காலின் எட்டு நீண்டிருக்கிறது. தலையைத் தூக்கிக்கொண்டு நடந்த குதிரை, கழுத்தை நீட்டித் தாழ்த்தி, மூக்கைச் சீறி மூச்சு விட்டது. இந்த ஒரு காட்சிக்காகவே இவ்வளவு வேலையும் செய்யலாம் என்று அன்று தோன்றியது, இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

என்னிடம் உள்ள மற்றொன்று மார்வாரிப் பெண்குதிரை, காதுகள் உட்பக்கம் வளைந்து நுனி ஒன்றையொன்று தொடும் சாதி. அதன் இடத் தோள் வலத் தோளைவிடப் பருத்திருந்தது. இது குதிரைகளில் வெகு சாதாரணம். பருத்த தோள் சேணத்தைத் தள்ள, சேணம் வலப்பக்கம் சரியும். ஏறியவர் கால் வைக்கும் அங்கவடிகளில் ஒன்றை நீளமாக உணர்வார், தம் இடுப்பை ஒடித்து ஈடு செய்வார். இங்கே ஷிம் வைக்க வேண்டியது மெலிந்த வலப்பக்கத்து முன்பையில் மட்டும். ஆனால் சேணம் ஒரு பக்கமாகச் சரிவதற்குப் பின்னங்காலில் உள்ள மெல்லிய நொண்டல் காரணமாக இருப்பது பலமுறை ஆராய்ந்து காட்டப்பட்ட உண்மை. கண்ணுக்கு நொண்டல் தெரியாமலேயே இருக்கலாம். ஆகவே இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்று கால்களைப் பார்க்கச் செய்து, நொண்டல் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே துண்டை வெட்டினேன். 2012இல் அந்தக் கல்லூரி வந்தது எங்கள் மாவட்டத்தில் கால்நடை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஏறுபவரின் உடல் கோணலாக இருப்பதும் சரிவுக்குக் காரணமாகலாம் என்பதால், வேறொருவரை ஏற்றி ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பார்ப்பதும் நல்லது.

சவாரி முடிந்தபின் சேணத்தை இழுக்காமல் நேராக மேலே தூக்கி எடுத்து, வியர்வைத் தடத்தைப் பார்ப்பது என் வழக்கம். குதிரையின் வியர்வையில் லாத்தரின் என்றொரு புரதம் இருக்கிறது; அதனால்தான் உராயும் இடங்களில் சோப்பு நுரைபோல் வெள்ளையாக நுரை கட்டுகிறது. முதுகெலும்பின் நேராக வறண்ட பட்டை இருக்க வேண்டும், அதன் இரு புறமும் ஈரம் சீராக இருக்க வேண்டும். ஈரத்தின் நடுவே உள்ளங்கை அளவில் வறண்ட திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் மிகுந்து வியர்வை வராமல் போயிருக்கலாம், அல்லது சேணம் அங்கே படவே இல்லாமல் இருந்திருக்கலாம்; இரண்டில் எது என்பதைக் கையை நுழைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். விரிப்புக்கு அடியில் வெளுத்த வேட்டித் துண்டு ஒன்றைப் போட்டு ஓட்டினால், அழுக்கும் வியர்வையும் அதில் படமாகவே பதிந்துவிடும். ஒரு நாள் தடத்தை வைத்து முடிவு கட்டாமல், பல நாள் துண்டுகளை அடுத்தடுத்து விரித்துப் பார்ப்பது பயன் தரும்.

எங்கள் ஊர்ப் பருவம் இந்த வேலைக்குள் தவிர்க்க முடியாமல் வந்து நிற்கிறது. ஐப்பசி மழைக்குப் பின் வரப்பெல்லாம் புல் மண்டி, கார்த்திகை, மார்கழியில் குதிரை உடம்பு போடும். பிசான நெல் அறுத்த வயல்களில் நன்றாக ஓடியும் மேய்ந்தும் மாசிவரை அது நிற்கும். பங்குனி, சித்திரையில் பச்சை வற்றி, வைக்கோலும் காணமுமாக (கொள்ளுமாக) தீனி மாறும்போது முதுகு மறுபடி மெலியும். மார்கழியில் சரியாக இருந்த ஷிம் சித்திரையில் போதாது. சித்திரையில் வைத்ததை அப்படியே விட்டால் மார்கழியில் இறுக்கும். ஆகவே பருவத்துக்கு ஒருமுறையாவது கம்பியை வளைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். கத்திரி வெயிலில் கனமான விரிப்பே குதிரைக்குச் சுமை. முதுகின் சூடு வெளியேற வழியின்றிப் போகும். துண்டுகளைப் பையிலிருந்து உருவி நிழலில் உலர்த்தாவிட்டால் ஃபெல்ட்டில் உப்புப் படிந்து விறைத்துவிடும். சாரல் காலத்தில் பூஞ்சை பிடித்து, முதுகில் படைபோல் மயிர் உதிரும்.

கல்யாணக் குதிரைகள் வைத்திருப்போருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சேணங்கள் பல, ஜரிகையும் கண்ணாடியும் தைத்து, அடியில் மெல்லிய துணி மட்டுமே கொண்டவை. மாப்பிள்ளையோ குதிரை ஏறிப் பழக்கமில்லாதவர். அசையாத மூட்டைபோல் ஒரு பக்கம் சாய்ந்தே அமர்ந்திருப்பார். மேளச் சத்தத்துக்கு நடுவே குதிரை ஒரே இடத்தில் நிற்கும் நேரமே அதிகம், நின்றுகொண்டிருக்கும்போது பாரம் ஒரே புள்ளியில் இறங்கிக்கொண்டே இருக்கும். பத்து மில்லிமீட்டர் ஃபெல்ட்டில் நடுவே முதுகெலும்புக்குப் பள்ளம் விட்டுத் தைத்த விரிப்பும், தோளருகே இரண்டு துண்டுகளும் போட்டால் செலவு ஒரு வாடகைக்குக்கூட வராது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் நம் காயல் துறைக்கு வந்ததை எழுதியிருக்கிறார். அப்படி வந்த குதிரைகள் பேணத் தெரிந்தவர்கள் இல்லாமல் பாண்டிய நாட்டில் பெருந்தொகையாக மாண்டதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். கடல் தாண்டி வாங்கிய குதிரையை அறியாமையால் இழந்த நாட்டில், இன்றைக்கு அந்த அறிவு எளிதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஷிம்மை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், அட்டையில் உள்ள கோடு மாறும்வரை என்பதே. ஆண்குதிரையைச் சரிவில் நடக்க விட்டும், தரையில் போட்ட மரக்கட்டைகளை மெதுவாகத் தாண்டச் செய்தும், தலையைத் தாழ்த்தி முதுகை உயர்த்தி நடக்கப் பழக்கினேன். பள்ளம் மெல்ல நிரம்பியது. மேலடுக்குத் துண்டுகளை எடுத்தேன். ஒரு கட்டத்துக்குப் பின் மாற்றம் நின்றது. இரு புறமும் ஒரே அளவு துண்டு தொடர்ந்து தேவைப்பட்டதால், அது இனிச் சேணத்துக்குள்ளேயே போக வேண்டியது என்று முடிவு செய்தேன். துண்டுகள் இருந்த இடத்தை அடிமெத்தையின் மேல் சாக்பீஸால் வரைந்து, தோல் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். அவர் தையலைப் பிரித்து, பழைய கம்பளியைக் கட்டி கட்டியாக இருந்ததெல்லாம் வெளியே எடுத்து, புதிய கம்பளியைச் சிறு சிறு பிடியாக, கோடு போட்ட இடத்தில் கூடுதலாகத் திணித்து, இரு புறமும் சமமாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்துத் தைத்துக் கொடுத்தார்.

புதுக் கம்பளி ஏறி ஓட்ட ஓட்டப் படியும் என்பதால், 3 மில்லிமீட்டர் துண்டு ஒன்றை இரு முன்பைகளிலும் இன்னும் விட்டுவைத்திருக்கிறேன். தை பிறந்ததும் கம்பியை எடுத்து மறுபடி அளந்து, அவை தேவையா என்று பார்க்க வேண்டும்.